டிரிப்ஸ் ஏறும்போது கடும் ஒவ்வாமை வந்தால்: ஹன்டர் நோயுள்ள குழந்தையின் பெற்றோருக்கு

உங்கள் மகனுக்கு ஐந்து வயது, எடை 18 கிலோ, உடலில் ஒரு நொதி உருவாகாத பிறவி நோயான ஹன்டர் நோய் என்று உறுதியாகிவிட்டது, அடுத்த மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை இடுர்சல்ஃபேஸ் என்ற நொதி மருந்தை டிரிப்ஸில் ஏற்றப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்புதல் படிவத்தில் ‘உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஏற்படலாம்’ என்ற வரியைப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை, பெற்றோர் நாங்கள் என்ன தயார் செய்துகொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தைகளுக்கு இத்தகைய மருந்துகளை ஏற்றும் பகல்நேர வார்டில் நீண்டகாலமாகச் செவிலியராக இருக்கிறேன். உங்கள் குழந்தையின் மருத்துவர் சொல்வதுதான் முடிவு. அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும், வார்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன்.

சுருக்கமான பதில் இதுதான். கடும் ஒவ்வாமை வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு, அட்ரினலின் ஊசியைத் தொடைத் தசையில் உடனே போட வேண்டும். ஆக்சிஜன், சலைன், மற்ற ஊசிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்களும் மருத்துவமனையும் செய்யும் எல்லா ஏற்பாடுகளும் அந்த ஊசி தாமதமாகாமல் இருப்பதற்காகவே.

பயத்தின் அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். இந்த மருந்தின் ஆய்வுகளில் 108 நோயாளிகளுக்கு மொத்தம் 8,274 முறை டிரிப்ஸ் ஏற்றினார்கள். அனஃபைலாக்சிஸ் எனப்படும் கடும் ஒவ்வாமை 11 பேருக்கு, 19 முறை வந்தது. ஆள் கணக்கில் பார்த்தால் பத்துப் பேரில் ஒருவர். டிரிப்ஸ் கணக்கில் பார்த்தால் ஆயிரத்தில் இரண்டு மூன்று. ஆகவே எந்த வாரத்தை எடுத்துக்கொண்டாலும் அது அமைதியாக முடியவே வாய்ப்பு மிக அதிகம். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓடப்போகும் சிகிச்சை இது. எந்த வாரமும் ஏற்பாடு இல்லாமல் தொடங்கக் கூடாது. முதல் சில மாதங்கள் நன்றாகப் போனால் எல்லோருக்கும் கவனம் தளர்ந்துவிடும். இந்த மருந்துக்குச் சிகிச்சை தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தும் கடும் ஒவ்வாமை வந்திருக்கிறது.

ஏன் வருகிறது? உங்கள் மகனின் உடலில் ஒரு நொதி உருவாவதில்லை, அல்லது மிகக் குறைவாக உருவாகிறது. அதைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம். அந்தப் புரதத்தை முன்பின் பார்த்திராத உடல் அதை அந்நியமாக நினைத்து எதிர்ப்பொருள்களை உருவாக்கலாம். மரபணு முழுமையாக விடுபட்டுப்போன, பெரிய அளவில் இடம் மாறிப்போன அல்லது நொதி பாதியிலேயே நின்றுபோகும் வகை மாற்றமுள்ள குழந்தைகளுக்கு இந்த எதிர்ப்பும் ஒவ்வாமையும் கூடுதல். உங்களிடம் மரபணுப் பரிசோதனை அறிக்கை இருக்கும். அதில் உள்ள மாற்றம் எந்த வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள். கூடுதல் ஆபத்துள்ள வகை என்றால் முதல் சில முறை தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே, அல்லது அதை ஒட்டிய வார்டில் ஏற்றலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி.

முதல் நாள் எப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் எங்கே கண் வைப்பது என்று புரியும். கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்ற அளவில் உங்கள் மகனுக்கு 9 மில்லிகிராம் வரும். ஒரு குப்பியில் 6 மில்லிகிராம் இருக்கும், ஆகவே இரண்டு குப்பிகள் உடைப்பார்கள். அதை 100 மில்லி சலைனில் கலந்து, குலுக்காமல் மெதுவாகச் சுழற்றி, வடிகட்டி பொருத்திய குழாய் வழியாகப் பம்பில் ஏற்றுவார்கள். வழக்கமான முறையில் மணிக்கு 8 மில்லி வேகத்தில் தொடங்கி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை 8 மில்லி கூட்டிக்கொண்டே போவார்கள். மொத்தம் மூன்று மணி நேரம் ஆகும். சில மருத்துவமனைகள் இதைவிட மெதுவாகத் தொடங்கும், அது நல்லதே. ஒவ்வொரு முறை வேகம் கூட்டும் முன்பும் சிஸ்டர் நாடித்துடிப்பு, பிரஷர், ஆக்சிஜன் அளவு, காய்ச்சல் பார்ப்பார். வேகம் கூட்டிய பின் வரும் அந்தச் சில நிமிடங்களில் குழந்தையை விட்டு நகராதீர்கள்.

எது ஆபத்து, எது சாதாரணம் என்பதுதான் பெற்றோருக்குக் குழப்பம். மருந்து ஏறும்போது லேசான காய்ச்சல், தலைவலி, முகம் கொஞ்சம் சிவப்பது, ஓரிடத்தில் மட்டும் தடிப்பது போன்றவை வரலாம். வேகத்தைக் குறைத்தோ, சற்று நேரம் நிறுத்தியோ, காய்ச்சல் மருந்து கொடுத்தோ சமாளித்துவிடலாம். கடும் ஒவ்வாமையின் போக்கு வேறு. உடலின் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஒரே நேரத்தில் தொல்லை தொடங்கும். காணாக்கடி போல உடம்பெங்கும் தடிப்பு வந்து கூடவே இருமலும் வரும். அல்லது முகமும் உதடும் வீங்கி, மூச்சில் விசில் சத்தம் கேட்கும். அல்லது திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, கை கால் குளிர்ந்து, குழந்தை துவண்டுவிடும். தடிப்பு வந்தால்தான் ஒவ்வாமை என்று காத்திருப்பது பெரிய ஆபத்து. நூற்றில் 10 முதல் 20 பேருக்குத் தோலில் எதுவுமே தெரியாது. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மூச்சு இறுகினாலோ பிரஷர் இறங்கினாலோ, தோல் சுத்தமாக இருந்தாலும் அது அனஃபைலாக்சிஸாக இருக்கலாம்.

பிரஷரைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைகளின் உடல் பிரஷரை விடாமல் பிடித்துக்கொண்டு, நாடித்துடிப்பை வேகப்படுத்திச் சமாளிக்கும். பிரஷர் விழும் நேரத்துக்கு நிலைமை முற்றியிருக்கும். ஒன்று முதல் பத்து வயது வரை மேல் பிரஷருக்கான கீழ் எல்லை, வயதை இரண்டால் பெருக்கி 70-ஐக் கூட்டினால் வரும் எண். உங்கள் மகனுக்கு 80. அதற்குக் கீழே போனால் குறைவு. ஆனால் 80-க்கு மேலே இருக்கிறது என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம்; துடிப்பு வேகமெடுத்து, குழந்தை வெளிறி, ஆளே மாறிப்போயிருந்தால் அதுவே போதுமான அறிகுறி.

இங்கேதான் உங்கள் பங்கு மருத்துவரின் பங்கைவிட முக்கியமாகிறது. ஹன்டர் நோயுள்ள பல குழந்தைகளுக்குப் பேச்சு குறைவு. ‘தொண்டை அடைக்கிறது’ என்று சொல்லத் தெரியாது. வழக்கமான நாளிலேயே மூச்சில் கரகரப்பு இருக்கும், மூக்கு ஒழுகும், நாக்கு பெரிதாக இருக்கும், குரல் தடித்திருக்கும். புதிதாகப் பணிக்கு வந்த சிஸ்டருக்கு இதில் எது எப்போதும் உள்ளது, எது இப்போது வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. உங்களுக்கு முடியும். அதனால் முதல் நாளுக்கு முன்பு, உடம்பு நன்றாக இருக்கும் ஒரு வேளையில், செல்பேசியில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். முகம், நெஞ்சு அசைவு, மூச்சுச் சத்தம் மூன்றும் தெரிய வேண்டும். தூங்கும்போது ஒன்று, விளையாடும்போது ஒன்று. டிரிப்ஸ் தொடங்கும் முன் வார்டில் அதைக் காட்டி, ‘இவன் எப்போதும் இப்படித்தான்’ என்று சொல்லிவிட்டால், பிறகு நீங்கள் ‘இப்போது சரியில்லை’ என்று சொல்லும்போது யாரும் தட்டிக்கழிக்க மாட்டார்கள்.

பேச்சு வராத குழந்தைகளிடம் நான் கண்ட முதல் அறிகுறிகள் பெரும்பாலும் சிறியவை. காதையோ மூக்கையோ விடாமல் தேய்ப்பது, நாக்கை வெளியே தள்ளித் தள்ளி இழுப்பது, உள்ளங்கையைச் சுவரில் உரசுவது, காரணமில்லாமல் வீறிடுவது, விளையாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று அடங்கி மடியில் சாய்வது. இவை ஒவ்வொன்றும் ஒவ்வாமையாகத்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் சிஸ்டரைக் கூப்பிட இவற்றில் ஒன்றே போதும். ‘சும்மா தொந்தரவு செய்கிறார்கள்’ என்று நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். மருந்தை ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்ப்பதால் எந்த நஷ்டமும் இல்லை.

இனி அட்ரினலின். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். நம் ஊரில் கிடைக்கும் சிறிய கண்ணாடி ஆம்பூலில் ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் இருக்கும். ஆகவே 18 கிலோ எடையுள்ள உங்கள் மகனுக்கு 0.18 மில்லி. நீர்க்கச் செய்யாமல் அப்படியே, தொடையின் நடுவில், வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். பூப்படையும் வயது வராத குழந்தைக்கு ஒரு முறைக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குணம் தெரியாவிட்டால் ஐந்து நிமிடத்திலேயே மறுபடியும் அதே அளவு போடலாம். இரண்டு மூன்று ஊசிக்கும் அடங்காவிட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவில் அட்ரினலினையே பம்பில் தொடர்ச்சியாக ஏற்றுவார்கள். வார்டில் கையில் இருக்க வேண்டியது இந்தத் தொடை ஊசிதான்; இரத்தக் குழாயில் நேரடியாக, வேகமாகச் செலுத்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு.

தொடைத் தசை என்று இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கனடாவில் எஸ்டெல் சைமன்ஸ் என்ற மருத்துவரின் குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்குத் தொடைத் தசையில் போட்ட அட்ரினலின் சராசரியாக 8 நிமிடத்தில் இரத்தத்தில் உச்ச அளவை எட்டியது. தோலுக்கு அடியில் போட்டபோது 34 நிமிடம் ஆனது. ஊசியின் நீளம் இங்கே முக்கியமாகிறது. 0.18 மில்லி என்பது மிகச் சிறிய அளவு என்பதால் ஒரு மில்லி சிரிஞ்சில்தான் சரியாக அளக்க முடியும். ஆனால் இன்சுலின் சிரிஞ்சில் ஊசி முனை குட்டையாகவும் கழற்ற முடியாததாகவும் இருக்கும். அது தோலுக்கு அடியிலேயே நின்றுவிடும். ஊசியை மாற்றிப் பொருத்தக்கூடிய ஒரு மில்லி சிரிஞ்சும், தசை வரை போகும் நீளமுள்ள தனி ஊசியும் வேண்டும். இதை நீங்கள் வாங்கிப்போக வேண்டியதில்லை. அவசர தட்டில் அது இருக்கிறதா என்று ஒரு முறை கண்ணால் பார்த்தால் போதும்.

நம் மருத்துவமனைகளில் நான் மனம் வெதும்பிப் பார்த்த ஒரு பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வாமை என்றதும் கை தானாக அவில், எஃப்கார்லின் ஆம்பூல்களைத் தேடிப் போகிறது. தெருமுனை கிளினிக் தொடங்கி எல்லா இடத்திலும் இதுவே வழக்கம். அவில் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். மூடிக்கொண்டிருக்கும் தொண்டையைத் திறக்காது, விழும் பிரஷரை நிறுத்தாது. எஃப்கார்லின் என்ற ஹைட்ரோகார்ட்டிசோன் வேலை செய்யவே மணிக்கணக்கில் ஆகும். இரண்டையும் கொடுக்கட்டும், தவறில்லை. ஆனால் அட்ரினலினுக்குப் பிறகு. ‘முதலில் அவில் போட்டுப் பார்ப்போம்’ என்று பத்து நிமிடம் காத்திருப்பதுதான் உயிரைப் பறிக்கிறது. அட்ரினலின் போட்டால் இதயத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற அச்சம் சில இளம் மருத்துவர்களிடமும் உண்டு. சரியான அளவில் தசையில் போட்ட ஊசிக்குக் குழந்தை வெளிறும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அழும். சற்று நேரத்தில் அடங்கிவிடும். கடும் ஒவ்வாமையில் அட்ரினலின் போடக் கூடாத குழந்தை என்று யாருமே இல்லை.

அதனால் டிரிப்ஸ் தொடங்கும் முன்பே மூன்று விஷயங்கள் தாளில் இருக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்: அன்று பார்த்த எடை, அதற்குரிய அட்ரினலின் அளவு மில்லியில், ‘அறிகுறி வந்தால் மருத்துவர் வரும்வரை காத்திருக்காமல் சிஸ்டரே போடலாம்’ என்ற உத்தரவு. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். வெளிநோயாளிகள் கூட்டத்தில் இருக்கும் மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் வார்டுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எழுத்தில் உத்தரவு இருந்தால் எங்களுக்கும் கை நடுங்காது. அந்தத் தாளை கேஸ் ஷீட்டுக்குள் செருகிவைக்காமல் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டச் சொல்லுங்கள். வளரும் குழந்தை என்பதால் எடையை ஒவ்வொரு முறையும் பார்த்து அளவைத் திருத்த வேண்டும்.

மருந்தை நிறுத்துவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பம்பை நிறுத்தினாலும், பாட்டிலுக்கும் குழந்தையின் கைக்கும் இடையே உள்ள நீளமான குழாயில் மருந்து நிரம்பியிருக்கும். அவசரத்தில் மேலே பாட்டிலை மட்டும் மாற்றிச் சலைனைத் திறந்துவிட்டால், குழாயில் மிச்சமிருக்கும் மருந்தைச் சலைனே வேகமாக உள்ளே தள்ளிவிடும். ஒவ்வாமை தரும் பொருளை நாமே இன்னும் கொஞ்சம் செலுத்தியதாக ஆகும். கையில் நரம்புக்குள் செருகியிருக்கும் வென்ஃப்ளான் என்ற சிறு குழாயின் வாயிலிருந்தே பழைய குழாயைக் கழற்றிவிட்டு, சலைன் நிரப்பிய புதுக் குழாயைப் பொருத்த வேண்டும். வென்ஃப்ளானைப் பிடுங்கிவிடக் கூடாது. பிரஷர் விழுந்த குழந்தைக்கு இன்னொரு நரம்பு கிடைப்பது கடினம். ஆகவே சலைன் பாட்டிலும் புதுக் குழாயும் பக்கத்திலேயே தயாராகத் தொங்கட்டும். பிரஷர் குறைந்தால் கிலோவுக்கு 10 மில்லி வீதம், உங்கள் மகனுக்கு 180 மில்லி, சில நிமிடங்களில் ஏற்றுவார்கள். இதய வால்வு கோளாறு இருக்கிற குழந்தை என்றால் அளவை மருத்துவர் கவனித்துத் தீர்மானிப்பார். கடைசியாக எடுத்த எக்கோ அறிக்கையைக் கோப்பின் மேலேயே வையுங்கள்.

அந்த நேரத்தில் நீங்கள் செய்யக் கூடாத ஒன்று உண்டு. குழந்தை வீறிட்டால் தாய் உடனே வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வாள். அது இயல்பு. ஆனால் ஒவ்வாமையில் பிரஷர் இறங்கிக்கொண்டிருக்கும் குழந்தையைச் சட்டென்று நிமிர்த்துவது இதயத்துக்கு வரும் இரத்தத்தைக் குறைத்துவிடும். எழுப்பி நிறுத்தவும் கூடாது, கழிவறைக்கு நடத்திக்கொண்டு போகவும் கூடாது. படுக்கையிலேயே இருக்க வேண்டும், கால்கள் சற்று உயரத்தில். வாந்தி எடுத்தால் ஒருக்களித்து. ஹன்டர் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கலாம் என்பதால், மூச்சுத் திணறினால் முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பாதி உட்கார்ந்த நிலையில், கால்களை நீட்டியபடி வைக்கலாம். நீங்கள் கட்டிலில் ஏறி, அவன் தலைப்பக்கம் உட்கார்ந்து, அவன் முகத்துக்கு நேராகப் பேசிக்கொண்டிருங்கள். எங்களுக்கு அவன் தொடையும் கையும் வேண்டும். அவனுக்கு உங்கள் குரல் வேண்டும்.

ஹன்டர் குழந்தையின் மூச்சுக்குழாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய நாக்கு, குட்டையான கழுத்து, தடித்த அடிநாக்குச் சதை, அசைவு குறைந்த தாடை ஆகியவை காரணமாகச் செயற்கை சுவாசக் குழாய் செருகுவது மற்றக் குழந்தைகளைவிட மிகக் கடினம். அனுபவமுள்ள மயக்க மருத்துவர் இல்லாமல் அதில் இறங்கக் கூடாது. ஆகவே முதல் டிரிப்ஸை விடுமுறை நாளிலோ மாலையிலோ வைத்துக்கொள்ள ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலைநாளின் காலை, மயக்க மருத்துவரும் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவும் கூப்பிடும் தூரத்தில் இருக்கும் நேரம்தான் சரி. முன்பு ஏதாவது அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தால், அப்போது குழாய் செருகியது எப்படி இருந்தது என்ற குறிப்பைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

இதோடு தொடர்புள்ளது முன்மருந்து. டிரிப்ஸ் தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு பாராசிட்டமாலும் ஒவ்வாமை மருந்தும் சில மருத்துவர்கள் கொடுப்பார்கள். அது லேசான தொல்லைகளைக் குறைக்கும், அனஃபைலாக்சிஸ் வராது என்று உத்தரவாதம் தராது. அவில் போன்ற தூக்கம் தரும் மருந்துகள் இந்தக் குழந்தைகளுக்கு இன்னொரு சிக்கலையும் உண்டாக்கும்: இரவில் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிற குழந்தை என்றால், மருந்தின் மயக்கத்தில் மூச்சுத் தடை கூடும். அப்படி இருந்தால் மருத்துவரிடம் சொல்லி, தூக்கம் அதிகம் வராத வகையைக் கேளுங்கள். வீட்டில் மூச்சு உதவிக்கான சிபாப் கருவி இருந்தால் அதையும் கூடவே கொண்டுபோங்கள். இதயத்துக்காக ப்ரோப்ரனலால் போன்ற மருந்து சாப்பிடும் குழந்தைக்கு அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அப்போது குளூககான் ஊசி உதவும். அதைக் கையிருப்பில் வைக்க மருத்துவமனைக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதால், கொடுக்கும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

காய்ச்சல், நெஞ்சுச் சளி இருக்கும் நாளில் டிரிப்ஸ் வேண்டாம் என்று தள்ளிவைப்பார்கள். ஏற்கனவே இறுகியிருக்கும் மூச்சுக்குழாயில் ஒவ்வாமையும் சேர்ந்தால் தாங்காது. வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வரும் குடும்பங்களுக்கு இது பெரிய அலைச்சல். வார்டு எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, புறப்படும் முன்பே அழைத்துச் சொல்லுங்கள். குப்பியை உடைத்த பிறகு தள்ளிவைத்தால் விலை உயர்ந்த மருந்து வீணாகும், அதற்காகவே ‘கொஞ்சம் சளிதான், ஏற்றிவிடலாம்’ என்ற பேச்சு வரும். அந்த நிலைக்கு விடாதீர்கள்.

டிரிப்ஸ் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டாம். எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்வார். முதல் சில முறைகளுக்கு அன்று இரவு மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்க முடிந்தால் தங்குங்கள். ஒவ்வாமை வந்து அடங்கிய குழந்தைக்குப் பல மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம். இந்த மருந்தில் ஏறக்குறைய ஒரு நாள் கழித்தும் இரண்டாவது முறை வந்ததாகப் பதிவுகள் உண்டு. ஆகவே அனஃபைலாக்சிஸ் வந்த அன்று வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கவே கூடாது. எதுவும் வராத நாளிலும் கையில் ஒரு கடிதம் இருக்கட்டும்: நோயின் பெயர், ஏற்றிய மருந்து, முடிந்த நேரம், எடை, அட்ரினலின் அளவு, மூச்சுக்குழாய் கடினமானது என்ற எச்சரிக்கை, மருத்துவரின் தொடர்பு எண். வழியில் மூச்சு இறுகினாலோ உடம்பு தடித்தாலோ 108-ஐ அழையுங்கள். அருகில் உள்ள எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவானாலும் அங்கே கடிதத்தை நீட்டி, ‘அட்ரினலின்’ என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள். வெளிநாடுகளில் பெற்றோரே அழுத்திப் போடும் தானியங்கி ஊசி கொடுத்தனுப்புவார்கள். நம் ஊர் மருந்துக்கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பூலும் சிரிஞ்சும் கொடுத்து உங்களுக்கு நேரில் பயிற்சி தர உங்கள் மருத்துவர் முன்வந்தால் கற்றுக்கொள்ளுங்கள். நீங்களாக வாங்கி முயல வேண்டாம். அப்படிக் கொடுத்த ஆம்பூலை வெயில் படாமல் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் திரவம் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

ஒவ்வாமை வந்த நாளில் டிரிப்டேஸ் என்ற இரத்தப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கச் சொல்லி நினைவூட்டுங்கள். தொடங்கி ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஒன்று, எல்லாம் அடங்கி ஒரு நாள் கழித்து இன்னொன்று. அளவு கூடாமல் இருந்தாலும் அனஃபைலாக்சிஸ் இல்லை என்று முடிவு கட்ட முடியாது, ஆனால் கூடியிருந்தால் பிறகு நடக்கும் முடிவுகளுக்குப் பெரிய உதவி. பரபரப்பில் எல்லோரும் மறந்துபோவது இதுதான்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். அரியவகை நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையின்கீழ் சிறப்பு மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. அதைப் பெறுவதற்குள் குடும்பங்கள் படும் பாடு சொல்லி முடியாது. அதனால் ‘ஒவ்வாமை என்று சொன்னால் மருந்தையே நிறுத்திவிடுவார்களோ’ என்று பயந்து, வீட்டில் வந்த தடிப்பையும் இருமலையும் அடுத்த வாரம் மறைத்துவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் முந்தைய வாரத்தின் சிறிய தடிப்புதான் அடுத்த வாரத்தின் பெரிய ஒவ்வாமைக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். தயவுசெய்து எதையும் மறைக்காதீர்கள். வீட்டில் நடந்ததை நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்து காட்டுங்கள்.

ஒருமுறை அனஃபைலாக்சிஸ் வந்துவிட்டால் சிகிச்சை அத்தோடு முடிந்தது என்று பொருளில்லை. நோயின் தீவிரம், எதிர்ப்பொருள் பரிசோதனை, குழந்தை அதுவரை பெற்ற பலன் எல்லாவற்றையும் எடைபோட்டு மருத்துவர்கள் முடிவெடுப்பார்கள். பல குழந்தைகளுக்கு மிக நீர்க்கச் செய்த கரைசலில் தொடங்கி, வேகத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி, உடலைப் பழக்கி மறுபடியும் முழு அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பழைய வேகத்தில், பழைய வார்டில், அடுத்த வாரமே எதுவும் நடக்காதது போலத் தொடங்குவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். ஒவ்வாமை நிபுணர் பார்த்த பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவில், தலைமாட்டில் புதிய எடைக்கான அளவு எழுதிய தாளோடுதான் மறுமுறை தொடங்க வேண்டும்.